ஸ்டுட்கார்ட்டுக்கு ஏழு நாள்

தொண்ணூறுகளில் ஜெர்மனியில் அகதி வழக்கு முடியாத நாங்கள், இருக்கும் மாவட்டத்தைத் தாண்டக் கூடாது. தாண்டுவதென்றால் வெளிநாட்டவர் அலுவலகத்தில் அனுமதி எடுக்க வேண்டும். என் மகள் ஸ்டுட்கார்ட்டில், தலைப்பிள்ளைக்கு நிறைமாதம். நான் ரயிலில் இரண்டு மணி நேரத் தூரத்தில். பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாள் துடக்கு, பிள்ளைப்பேற்றுத் தீட்டு, கழியும் வரை, தாய்தான் மிளகு, சீரகம், மஞ்சள் என்று சரக்கு அரைத்துக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

அனுமதி கேட்டேன். "புருஷன் பக்கத்தில் இருக்கிறார்தானே" என்று மறுத்து எழுதினார்கள்.

இடுப்பு நோகத் தொடங்கிவிட்டது என்று அவள் தொலைபேசியில் சொன்ன காலையில், மறுபடி போனேன். மொழிபெயர்க்க எங்கள் விடுதியில் இருந்த ஒருத்தி வந்தாள். வாசலிலேயே சொன்னாள்:

"அக்கா, உள்ள போனதும் அழுங்கோ. அழுதாத்தான் இரங்குவினம்."

"செத்த வீட்டுக்கே வந்தனாங்கள்? நியாயம் இருக்கு. அதைச் சொல்லு."

உள்ளே கதிரையில் இருக்க முடியவில்லை. அதிகாரி கை காட்டியதும் இருந்தேன், உடனே எழும்பினேன். எனக்குப் படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. கடிதங்களை முத்திரையைப் பார்த்துத்தான் பிரித்து வைத்திருந்தேன். கழுகு முத்திரை போட்டது என் அகதி மனுவை மறுத்தது. கொழும்பில் நான் பாதுகாப்பாக வாழலாம் என்று அதில் எழுதியிருந்தார்கள்; அதை எதிர்த்துத்தான் வழக்கு நடந்தது. மற்றது இந்தப் பயண மறுப்பு.

"சண்டை நடக்கிற நாட்டுக்குக் கடல் தாண்டி நான் தனியப் போகலாமாம். இஞ்ச ரெண்டு மணித்தியாலம் ரயிலில போக ஏலாதாம். ரெண்டில எது சரி எண்டு கேள்."

மொழிபெயர்க்க வந்தவள் தலையைக் குனிந்து நான்கே சொல் சொன்னாள். நான் சொன்னது அவ்வளவு சின்னதல்ல.

"என்னடி, எனக்காக மன்னிப்புக் கேக்கிறியோ?"

"பெரிய ஆக்களிட்ட அப்பிடிக் கேக்கக் கூடாது, அக்கா."

நானே எழும்பி இரண்டு கடிதங்களையும் அருகருகே மேசையில் வைத்தேன். "கொழும்பு, யா. ஸ்டுட்கார்ட், நைன். வறும்?" ஆம், இல்லை, ஏன். எனக்குத் தெரிந்த ஜெர்மன் அவ்வளவுதான்.

அவர் இரண்டையும் வாசித்தார். காது சிவந்தது. ஏழு நாள் என்று எழுதி முத்திரை குத்தினார். முப்பத்தொன்று என்று விரல் மடக்கிக் காட்டினேன். தலையாட்டி மறுத்துவிட்டார்.

"அழுதிருந்தா மாதமே தந்திருப்பான்," என்றாள் வெளியே வந்ததும்.

"அழுது வாங்கினா அது பிச்சையடி."

பெருமையாகத்தான் சொன்னேன். ஆனால் ரயிலில் இடம் இருந்தும் கதவோடு நின்றேன். எட்டாம் நாள் மகளுக்கு யார் சரக்கு அரைப்பார்கள்? மானம் என்னுடையது. விட்டுக்கொடுத்த நாட்கள் அவளுடையவை.