பூங்காவனம் செய்த சுறாப்புட்டு

பூங்காவனத்துக்கு வாய் நீளம். கஜா பெராங் வட்டாரத்தில் அவளிடம் பேச்சு வாங்காதவர் கிடையாது. ஆனால் அடுப்பை மூட்டிவிட்டால் அந்த வாயை எல்லோரும் மன்னித்துவிடுவார்கள். ஜப்பான்காரன் ஊரைப் பிடித்து ஆண்ட காலத்தில், அரிசி கண்ணில் படாத நாளில்கூட, மரவள்ளிக்கிழங்கையும் முருங்கைக்கீரையையும் வைத்து அவள் ஆக்கியதை இரண்டு வீடு சாப்பிட்டது.

ஒன்று அவள் வீடு, மற்றது பக்கத்து வீட்டுச் சபியாவுடையது. சபியாவின் கணவன் அலாவுதீனுக்கு ஜாலான் பெண்டஹாரா தெருவில் மசாலாக் கடை. கப்பல் வருவது நின்றதும் கடையில் வெறும் சாக்குதான் மிஞ்சியது. நாற்பத்து நான்கில் சபியாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. பத்து நாளாகியும் தாய்ப்பால் சரியாகச் சுரக்கவில்லை. டின் பாலுக்கு எங்கே போவது? பசியில் குழந்தை ஓயாமல் அழுதது. நாளாக ஆக அந்த அழுகையும் மெலிந்துகொண்டே வந்தது.

பூங்காவனம் தன்னிடமிருந்த ஒரே கோழியைப் பத்தியக் குழம்பாக வைத்துக் கொடுப்பதென்று முடிவு செய்தாள். அலாவுதீன் வந்து பிஸ்மில்லா சொல்லி அறுக்கட்டும் என்று கோழியைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அந்த நேரம் பார்த்துத் தெருவில் இரண்டு ஜப்பான் சிப்பாய்கள். சத்தம் கேட்டால் கோழி அவர்களுக்குத்தான். பாழாய்ப்போன கோழி கொக்கரிக்கத் தொடங்க, பதற்றத்தில் அதன் கழுத்தைத் திருகிவிட்டாள்.

அவர்கள் போன பிறகுதான் செய்தது உறைத்தது. அறுக்காத கோழியைச் சபியா எப்படித் தின்பாள்?

“சொல்லாம ஆக்கிக் குடு. அவளுக்கு எப்படித் தெரியும்?” என்றான் அவள் கணவன் கணேசமூர்த்தி.

“எனக்குத் தெரியுமே. சும்மா கெடங்க.”

கோழியைக் கூடையில் போட்டு, மேலே கீரையை மூடி, கடலோர உஜோங் பாசிருக்கு நடந்தாள். கரையில் ஒரு போர்த்துகீசிய மீனவரின் படகில், பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறவைக்கும் பால் சுறா இரண்டு கிடந்தன. கோழிக்கு ஒரு சுறா என்றார் அவர். பூங்காவனம் மலாயில் அரை மணி நேரம் பேசினாள். இவள் போனால் போதுமென்று இரண்டையும் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

மஞ்சள் போட்டு அவித்து, தோலை உரித்து, சதையைப் பிழிந்து உதிர்த்தாள். தேங்காயெண்ணெயில் சின்ன வெங்காயமும் இஞ்சியும் கறிவேப்பிலையும் வதங்க, வீட்டில் கடைசியாக இருந்த பூண்டு முழுவதையும் தட்டிப்போட்டுப் புட்டாகக் கிளறினாள்.

“கோழிய நாந்தான் கெடுத்துட்டேன் புள்ள,” என்றாள் சபியாவிடம். “இது மீனு, அறுக்குற வேலையே இல்ல. மிச்சம் வைக்காம தின்னு.”

“ஒங்களுக்கு இருக்காக்கா?”

“எனக்குப் புள்ளையா பொறந்திருக்கு? தின்னு.”

மறுநாளும் அதே புட்டு. மூன்றாம் நாள் காலை பூங்காவனம் கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டில் சத்தமே இல்லை. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். அழுகை இல்லை. கிழங்கையும் கத்தியையும் அப்படியே போட்டுவிட்டு, அவிழ்ந்த கொண்டையை முடியக்கூட நிற்காமல் ஓடினாள். கதவைத் தள்ளித் திறந்தாள்.

“மெதுவாக்கா,” என்றாள் சபியா. “இப்பதான் வயிறு ரொம்பித் தூங்குறான்.”

குழந்தையின் கடைவாயில் பால் வழிந்திருந்தது. பூங்காவனம் அங்கேயே சுவரோரம் உட்கார்ந்து, அது விழித்துவிடப் போகிறதே என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.