பதினோரு சான்றிதழ்களும் ஒரு ஸ்டாக் லிஸ்ட்டும்

நான் மலேசியாவில் கிள்ளான்வாசி. பக்கத்து ஊரான மேருவில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் கிளார்க்காக இருக்கிறேன். ஆன்லைன் கோர்ஸ் என்றால் எனக்குப் பைத்தியம். ஜப்பானிய மொழி, புகைப்படம், உளவியல், டேட்டா அனாலிசிஸ் என்று கண்ணில் பட்டதிலெல்லாம் சேர்ந்தேன். கம்பெனி வேனில் போகும்போது வீடியோக்களை இரட்டை வேகத்தில் ஓடவிட்டு, கேள்விகளுக்குக் குத்துமதிப்பாகப் பதில் தட்டி, பதினோரு சான்றிதழ்கள் சேர்த்துவிட்டேன்.

உடன் வேலை செய்யும் மகேஸ்வரி ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது கேட்டாள்: "அக்கா, எக்செல் பேசிக் கோர்ஸ் ஒண்ணு இருக்கு. நம்ம ஸ்டாக் லிஸ்ட்ட வெச்சே சேர்ந்து பழகலாமா?"

"அதெல்லாம் சின்னப் பிள்ளைங்க பாடம் லா," என்று சிரித்துவிட்டேன்.

பிறகு சூப்பர்வைசர் வேலைக்கு நேர்முகம் வந்தது. சான்றிதழ்களை ஃபைலில் அடுக்கிக்கொண்டு போனேன். மேனேஜர் அதைத் திறக்கவே இல்லை. லேப்டாப்பை என் பக்கம் திருப்பி, "மூணு மாச ஸ்டாக் இது. எந்தச் சாமான் அடிக்கடி தீர்ந்து போகுதுன்னு எடுத்துக் காட்டுங்க," என்றார். தினமும் நானே நிரப்பும் லிஸ்ட்தான். எங்கே தொடங்குவதென்றே எனக்குத் தெரியவில்லை.

வேலை மகேஸ்வரிக்குக் கிடைத்தது. எக்செல், ஸ்டாக் நிர்வாகம் என்று அவள் படித்தது இரண்டே கோர்ஸ். ஒன்றில் கற்றதை மற்றதில் போட்டுப் பார்த்துப் படித்திருக்கிறாள்.

இப்போது நானும் அந்த எக்செல் கோர்ஸில் சேர்ந்திருக்கிறேன். படித்ததை மறுநாள் வேலையில் செய்து பார்க்காமல் அடுத்த பாடத்தைத் திறப்பதில்லை. மதிய நேரத்தில்தான் படிக்கிறேன், தனியாக. சேர்ந்து பழகலாமா என்று கேட்டவளுக்கு இப்போது அந்த நேரத்தில் மீட்டிங்.