ஐஸ்கிரீம் பஜ்ஜிக் கடையில் மதினி

கொதிக்கிற எண்ணெய்க்குள் ஐஸ்கிரீமைப் போடுவார்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். விருதுநகர் பங்குனிப் பொங்கல் பொருட்காட்சியில் மதினியின் தம்பி அதைச் செய்தபோது பக்கத்தில் நின்று பார்த்தேன். கல்லாக உறைந்த உருண்டையை ரொட்டித் தூளில் புரட்டி, மாவில் முக்கி, எண்ணெயில் விட்டு, மேல்மாவு சிவந்ததும் எடுத்துவிடுவான். கடித்தால் வெளியே சுடும், உள்ளே பல் கூசும். டெல்லி அப்பளக் கடைகளில் நின்ற கூட்டமெல்லாம் அந்த வருஷம் எங்கள் கடைக்கு வந்தது.

மதினி என் அண்ணன் மனைவி. விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கிற வேலை. அங்கே சேர்ந்ததும் முதலில் சொல்லிக்கொடுப்பது இதுதான்: சீறுகிற சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுக் கிட்ட இருக்கிற வாசல் வழியாக ஓடு. அதற்காகவே அறைகளில் பக்கத்துக்கு ஒரு வாசல் இருக்கும். ஒரு சீசனில் பக்கத்து அறையில் மருந்து சீறியபோது மதினி ஓடித் தப்பினார். அந்த அறையில் இருந்த ஒரு பெண் தூக்குச்சட்டியை எடுக்கத் திரும்பியவள், வெளியே வரவில்லை. அதன்பிறகு மதினிக்குத் தூக்கம் போயிற்று. ஊர் ஊராகப் பொருட்காட்சியில் கடை போடும் தம்பி, "எக்கா, எங்கூட வந்துரு. பொங்கல் முடிஞ்சா அடுத்த ஊரு. இனி கம்பெனிப் பக்கமே போகாத" என்றான். மதினி வேலையிலிருந்து நின்றுகொண்டார். ஒத்தாசைக்கு நானும் போனேன். நாலு பேர் முன்னால் பேச வராத எனக்கு மாவு கரைக்கிற வேலை.

கடைக்கு மூன்று பக்கமும் தகரம். முன்பக்கம் அடுப்பும் சட்டியும். மதினி வந்ததும் சுற்றிப் பார்த்தார்.

"ஏலே, பின்னால ஒரு வழி விடக்கூடாதா?"

"வழி விட்டா சாமானெல்லாம் நடந்து போயிரும்க்கா" என்று சிரித்தான் தம்பி.

முதல் நாள் சாயங்காலமே ஓர் உருண்டை எண்ணெயில் பிளந்தது. உருகிய ஐஸ்கிரீம் பட்டு எண்ணெய் சீறிய நொடியில் மதினி கரண்டியை எறிந்து, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பின்தகரத்தில் மோதினார். மோதிய பிறகும் தகரத்தைத் தள்ளிக்கொண்டே இருந்தார். எண்ணெய் பொங்கி அடங்கிவிட்டது. முன்னால் நின்றவர்களில் ஒருவர், "இந்தப் பட்டாசு ஊரு ஆளுகளுக்கு ஐஸ்கிரீமும் வெடிக்கும்போல!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

தம்பி கெட்டவனில்லை. மறுநாளே தகரத்தை வெட்டி வழி வைத்தான். அதன்பின் எண்ணெய் சீறும்போதெல்லாம் மதினி அதன் வழியே வெளியே ஓடுவார். கொஞ்ச நேரம் கழித்து முந்தானையில் முகத்தைத் துடைத்தபடி வந்து நிற்பார். அதுவே வினையாகிவிட்டது. வருகிறவர்கள் பண்டத்தின் பெயரைச் சொல்வதை விட்டுவிட்டு, "அண்ணே, அந்தக்கா ஓடுவாகளே, அது ரெண்டு போடுங்க" என்று கேட்க ஆரம்பித்தார்கள். பிள்ளைகளைத் தோளில் தூக்கிவைத்துக் காட்டினார்கள். உருண்டை பிளக்கட்டும் என்றே தம்பியும் மாவில் மெல்லிசாக முக்கிப் போடுகிறானோ என்று எனக்குச் சந்தேகம். மதினி காதில் பஞ்சு வைத்துப் பார்த்தார். மேசைக்காலை இறுகப் பிடித்துக்கொண்டும் நின்று பார்த்தார். "கால் நம்ம பேச்சக் கேக்க மாட்டேங்குதுத்தா" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

கடைசி நாள் கடையைப் பிரிக்கும்போது தம்பி சந்தோஷமாக இருந்தான். "ஒன்னாலதான்க்கா இம்புட்டு ஏவாரம். அடுத்த ஊர்லயும் பிச்சுக்கிட்டுப் போகும்."

மதினி பாத்திரம் கழுவுவதை நிறுத்தவில்லை. அவன் முகம் மாறியது. "ஐஸ்கிரீம வேணா நிறுத்திருவமாக்கா?"

"நிறுத்துனா யாருலே வருவா ஒங்கடைக்கு?"

அடுத்த வாரமே மதினி பழைய கம்பெனிக்குத் திரும்பினார்.

இன்றைக்கும் அங்கேதான் வேலை. தம்பி பங்குனிக்குப் பங்குனி கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறான். தூக்கம் மட்டும் அவருக்கு இன்னும் வரவில்லை. ராத்திரியில் எழுந்து உட்கார்ந்திருப்பதை அண்ணன் சொல்லியிருக்கிறார். போன வாரம் தெருமுனையில் கம்பெனி வேனுக்கு நின்றவரிடம், "பயமா இல்லையா மதினி?" என்று கேட்டுவிட்டேன்.

"பயந்தான்" என்றார். "ஆனா அங்கன நான் ஓடுனா ஒருத்தியும் சிரிக்க மாட்டாத்தா. எல்லாரும் கூட ஓடுவாளுக."

வேன் வந்தது. ஏறிக்கொண்டார்.