எழுதித் தராத பெட்டரிக்காரர்

கொழும்பு மருதானையில் ஹைபிரிட் கார் பெட்டரி பார்க்கும் அவர், கதைக்கும்போது ஆளின் முகத்தைப் பார்க்கமாட்டார். அதனாலேயே எனக்கு அவரில் நம்பிக்கை வரவில்லை.

என் காரில் எச்சரிக்கை விளக்கு எரிந்ததும் வேறொரு கராஜில், பெட்டரி முடிந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும் என்றிருந்தார்கள். இவரோ பின்சீட்டோரம் இருந்த காற்றுத்துளையின் மூடியைக் கழற்றி, கலர் கலராக நூல்பஞ்சை இழுத்தெடுத்தார். புறக்கோட்டையிலிருந்து என் வெள்ளவத்தைக் கடைக்குத் இந்தக் காரில் துணிக்கட்டு ஏற்றுவதை நான் அவரிடம் சொல்லவேயில்லை.

“பெட்டரிக்குக் காத்துப் போகேல்ல, சூடாகியிருக்கு. இதை மூடாம வச்சிருந்தா இன்னும் ரெண்டு மூண்டு வருஷம் ஓடும்.”

“எழுதித் தருவீங்களோ?”

“எழுதித் தாறவனிட்டப் போகாதேங்கோ, அண்ணை,” என்றார், சீட்டைப் பார்த்தபடி.

அதே பெட்டரியோடு மூன்றாவது வருடமும் முடிந்துவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு காலையும் காரை ஸ்டார்ட் செய்யும்போது, இன்றைக்கு மனுசன் பொய்யில் பிடிபடுவார் என்றுதான் நினைக்கிறேன்.