ஙாவ் யுக்கை ருசி பார்த்தது யார்?

கிருசாந்திக்குத் தெரிந்த கன்டோனீஸ் எல்லாம் குச்சியில் குத்திச் சுடக்கூடியதுதான். கை யிக் என்றால் கோழிச் செட்டை, யூ தான் என்றால் மீன் உருண்டை, யோங் யுக் ஆட்டிறைச்சி. தமிழில் ஙகரம் வேலைவெட்டி இல்லாமல் நெடுங்கணக்கில் உட்கார்ந்திருக்க, ஹாங்காங்காரருக்கு மாட்டிறைச்சியே அதில்தான் தொடங்குகிறது: ஙாவ் யுக். நியூ லின் சனிக்கிழமைச் சந்தையில், ஹாங்காங்காரியான லாவ் அக்காவின் குச்சிக்கடைக்கு வேலைக்கு வந்த புதிதில் கிருசாந்தி இதையெல்லாம் பாடமாக்கினாள். வாங்க வருபவர்களில் பாதிப்பேர் ஹாங்காங்காரர். அவர்கள் பாஷையிலேயே பேர் சொல்லி நீட்டினால் கூட இரண்டு குச்சி வாங்குவார்கள்.

கெட்டிக்காரிதான். ஆல்பனியில் திறக்கவிருந்த இரண்டாவது கடையை அவள் பொறுப்பில் விடுவதாக லாவ் அக்கா சொல்லியிருந்தாள். லின்ஃபீல்டில் கிருசாந்தியின் வீட்டில் அன்றிலிருந்து அதே கதை.

ஒன்றுதான் இடித்தது. முதல் குச்சியை ருசி பார்க்காமல் எதையும் விற்கக்கூடாது என்பது கடைச் சட்டம். ஙாவ் யுக் வெந்ததும் லாவ் அக்கா அதைக் கிருசாந்தியின் கையில் கொடுத்துவிட்டு வேறு வேலை பார்ப்பாள். மாடு தின்னாத இவளோ கடை வேனுக்குப் பின்னால் போய்க் குச்சியைக் குப்பையில் போட்டுவிட்டு, வாயைத் துடைத்தபடி வந்து "ஹோ சிக்" என்பாள். அருமை என்று அர்த்தம்.

"உண்மையைச் சொல்லுமன்" என்றான் கணவன் பிரணவன்.

"சொன்னா ஆல்பனி போயிடுமப்பா."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் எத்தனை நாள் மறைப்பது? ஒரு சனிக்கிழமை, சமோவாக்காரர் ஒருவர் பாதி தின்ற ஙாவ் யுக்கோடு திரும்பி வந்தார். ஒரே உப்பாம். லாவ் அக்கா கிருசாந்தியைப் பார்த்தாள்.

"நீ ருசி பார்த்தாய்தானே?"

கிருசாந்திக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆல்பனி போனால் போகட்டும் என்று, தெரிந்த சொற்களைக் கூட்டிச் சொன்னாள்: "ஙோ ம் சிக் ஙாவ் யுக்." நான் மாடு தின்பதில்லை.

லாவ் அக்காவின் முகம் சிவந்தது. பிறகு பார்த்தால், இடுக்கியை வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.

"நானும் தின்பதில்லை! நாங்கள் குவான்யின் அம்மனைக் கும்பிடுகிறவர்கள், மாடு ஆகாது. அதனால்தானே ஒவ்வொரு முறையும் உன்னிடம் தள்ளினேன்!"

ஊருக்கெல்லாம் மாடு விற்ற கடையில் ஒருத்தியும் அதை நாக்கில் வைத்ததில்லை! கிருசாந்திக்கும் சிரிப்பு வந்தது, அழுகையும் நிற்கவில்லை.

"இனி என்னிடம் பொய் சொல்லாதே" என்றாள் லாவ் அக்கா. "ஆல்பனிக்கு நீதான். ஆனால் மாடு தின்கிற ஆள் ஒருவரை நீயே பார்த்து வேலைக்கு எடு."

கிருசாந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னும் அங்கேயே நின்றிருந்த சமோவாக்காரரிடம் திரும்பினாள்.

"சனிக்கிழமைகளில் நீங்கள் சும்மாதானா?"