சும்மா விடச் சொன்ன கரும்பு

பூச்சியைக் கொல்ல அரசாங்கம் செலவு செய்யும் என்பது சின்னப்பாளையத்தில் எல்லோருக்கும் தெரியும். பூச்சியை வளர்க்கவும் செலவு செய்யும் என்பது நாச்சியம்மாளுக்கு வேலை கிடைத்த பிறகுதான் தெரிந்தது. ஊர் அதை லேசில் விடவில்லை. பவானி போகும் பஸ்ஸில் கண்டக்டர், "அம்மணி, உங்களுக்கு ஒரு டிக்கெட்டுங்க. மடியில இருக்கற புள்ளைகளுக்கு?" என்பான்.

"அதுக எல்லாம் அஞ்சு வயசுக்குக் கீழதானுங்க. ரூல்சைப் படிங்க" என்பாள் அவள்.

ஐந்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, கடலைக்காய் உரித்து, மஞ்சள் வேக வைத்து, முப்பத்தாறு வயதில் அவள் போய்ச் சேர்ந்த இடம் ஊருக்கு வெளியே இருந்த ஆராய்ச்சிப் பண்ணையின் பூச்சி ரூம். வரிசையாக இருநூறு பிளாஸ்டிக் பேசின். ஒவ்வொன்றிலும் உடைத்த கம்புத் தானியம், அதற்குள் புழு. புழு தின்று கொழுத்து அந்துப்பூச்சியாகி மேலே வரும். வந்ததைக் கண்ணாடிக் குழாயில் லபக்கென்று பிடிக்க வேண்டும். சிறகுத் தூள் மூக்கில் ஏறித் தும்மல் பிடுங்கும் என்பதால் அங்கே வேலை செய்யும் ஆறு பெண்களும் துண்டால் முகத்தை மூடிக்கொள்வார்கள். புதிதாக வந்து எட்டிப் பார்க்கிறவர்கள் ஏதோ கொள்ளைக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டதாக நினைத்துத் திரும்பிவிடுவார்கள்.

பிடித்த அந்துப்பூச்சி முட்டையிடும். முட்டையைச் சலித்து, அட்டையில் பசை தடவி ஒட்டி, ஊதா விளக்கில் காட்டினால் அது பொரிக்காது. அதற்குப் பிறகு குளவியை விடுவார்கள். குளவி என்றதும் ஓட வேண்டாம். கடுகை நாலாக உடைத்தால் ஒரு துண்டு எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான் அது. ஊரான் வீட்டில் குடியேறுகிற மாதிரி, அந்த முட்டைக்குள் தன் முட்டையை வைத்துவிட்டுப் போய்விடும். நாலாம் நாள் அட்டை கறுக்கும். எட்டாம் நாள் உள்ளிருந்து குளவி கிளம்பும். அட்டையைக் கரும்புத் தோகையில் மாட்டிவிட்டால், கரும்பைத் துளைக்கும் இடைக்கணுப் புழுவின் முட்டையைத் தேடிப் போய் அதிலும் இதே வேலையைச் செய்யும். புழு பிறக்கவே பிறக்காது. மருந்து அடிக்கிற வேலையும் இல்லை.

சேர்ந்த முதல் வாரம் நாச்சியம்மாளுக்கு மனசே ஆறவில்லை. "நல்ல கம்புங்க மேடம். களி கிண்டுனா பத்து ஊடு திங்கும். இதப் போயிப் புழுவுக்குப் போடறமே" என்றாள்.

மேடம் என்றால் ராமாமணி. பூச்சி ரூமை ஆரம்பித்த விஞ்ஞானி. கோபத்திலும் 'ங்க' போட்டுத் திட்டுகிற கோயமுத்தூர்க்காரர். "டெல்லியில நாலு பேரு கூடிப் பேசி, கோயமுத்தூர்ல ஒரு ஃபைல் ஏழு மேசை தாண்டி, அப்புறம் இந்தக் கம்பு இங்க வந்து எறங்குதுங்க. எட்டு நாள்ல பறந்து போற சரக்கை எந்தக் கடைக்காரன் வாங்கி அடுக்குவான்? அதனால ஊர்ப் பணத்துல நாம பண்றோம். கம்பைப் புழு தின்னாலும் கரும்பு ஊருக்குத்தானுங்க."

நாச்சியம்மாளுக்கு அது நியாயமாகப் பட்டது. அன்றிலிருந்து பேசினுக்குப் பேசின் குசலம் விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள். அவளிடம் ஒரு குறை உண்டு. எதுவும் வாடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க வராது. அடுத்த வீட்டு ஆடு அவளைக் கண்டால்தான் கத்தும். கல்யாண வீட்டில் சாப்பிட்டு எழுந்தவரையும் தோளை அமுக்கி உட்கார வைத்து ரசம் ஊற்றுவாள். மெலிந்த புழு இருக்கிற பேசினுக்கு யாரும் பார்க்காதபோது ஒரு பிடி கம்பு கூடுதலாக விழும்.

தொண்ணூற்று நாலில் ராமாமணி ஒரு சோதனை போட்டார். அட்டை உண்மையிலேயே வேலை செய்கிறது என்று எண்ணிக் காட்டினால்தான் டெல்லியிலிருந்து அடுத்த மூன்று வருடத்துக்குப் பணம் வரும். காட்டாவிட்டால் பூச்சி ரூமுக்குப் பூட்டு. அதற்குக் காட்டை, அதாவது கரும்பு வயலை, கொடுத்தவர் ஆறுச்சாமி. முந்தின வருடம் மருந்தடித்துவிட்டு வரப்பிலேயே மயங்கி விழுந்து, பவானி ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்த மனிதர். இனிமேல் மருந்து டப்பாவைத் தொடுவதில்லை என்று இருந்தவருக்கு, குளவி வருகிறது என்றதும் பாதி உயிர் வந்தது. அவருடைய வாழைத் தோப்புக்கு மேற்கே ஒரு ஏக்கர் கரும்பு, கிழக்கே ஒரு ஏக்கர். மேற்கில் பதினைந்து நாளுக்கு ஒரு தரம், மொத்தம் ஆறு தரம் அட்டை. கிழக்கில் அட்டையும் கிடையாது, மருந்தும் கிடையாது.

"கெழக்க மட்டும் என்ன பாவம் பண்ணுச்சுங்க?" என்று ஆறுச்சாமி கேட்டார்.

"அதைச் சும்மா விட்டாத்தானுங்க இது நல்லாருக்குதுன்னு சொல்ல முடியும். இல்லீன்னா எதை எதோட ஒப்பிடறது?" என்று ராமாமணி விளக்கிச் சொன்னார். அவர் தலையாட்டினார். அந்த நேரம் பார்த்து நாச்சியம்மாள் ஜீப்புக்குப் பின்னால் அட்டையை நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழுந்ததெல்லாம் வயல் உதவியாளர் பாலுசாமி சொன்ன ஒரே வரி: "கெழக்குக் காட்டுல ஒண்ணும் பண்ணக் கூடாது." ஏன் என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அட்டை பத்தாமல் அரசாங்கம் கஞ்சத்தனம் பண்ணுகிறது என்று தானாகவே ஒரு முடிவுக்கு வந்தாள்.

முதல் தரம் மேற்கில் மாட்டி முடித்ததும் கையில் ஒரு கட்டு அட்டை மிஞ்சியது. எல்லாம் கறுத்த முட்டை. மறுநாள் குளவி வந்துவிடும்.

"மிச்சத்தை என்ன பண்றதுங்க?"

"குழியில போட்டு மூடுங்க" என்றார் பாலுசாமி. சொல்லிவிட்டு ஆறுச்சாமி வீட்டுக் காப்பிக்குப் போனார். ராமாமணியும் போனார்.

நாச்சியம்மாள் அட்டையைப் பார்த்தாள். ஏழு நாள் கூடவே இருந்து வளர்த்தது. நாளைக்கு வெளியே வந்து, குழிக்குள் எங்கே போகும்? வாழைத் தோப்புக்கு அந்தப் பக்கம் கிழக்குக் கரும்பு காற்றில் அசைந்து அவளையே கூப்பிட்ட மாதிரி இருந்தது. இங்கே வீடில்லாத குளவி, அங்கே ஆளில்லாத கரும்பு. இதைச் சேர்த்து வைக்க ஜாதகமா பார்க்க வேண்டும்? வாழை நாரைக் கிழித்து, கிழக்குக் காட்டின் முன் வரிசைகளில் அட்டையைத் தோகைக்கு அடியில் முடிந்துவிட்டு, காப்பி ஆறுவதற்குள் திரும்பி வந்தாள். ஆறு தரமும் அப்படித்தான்.

கரும்பு நட்ட பத்தாம் மாதம் பாலுசாமி இரண்டு பக்கமும் துளை எண்ணி எழுதிக் கொண்டுவந்தார். ராமாமணி அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு பூச்சி ரூம் வாசலில் வந்து நின்றார். துண்டு கட்டின ஆறு முகமும் அவரைப் பார்த்தன.

"ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்குதுங்க. அட்டை மாட்டுனாலும் அவ்வளவுதான், மாட்டாட்டியும் அவ்வளவுதான். வியாழக்கெழமை டெல்லிக் கமிட்டி வருது. இதைத்தான் காட்டணும். இதைக் காட்டுனா ரூமை மூடச் சொல்லிருவாங்க."

"கெழக்குக் காட்டுலயும் துளை கம்மிதானுங்களே மேடம், நல்லதுதானே?" என்று ஒருத்தி ஆறுதலாகக் கேட்டாள்.

"அது கெட்டுப் போயிருக்கணுமுங்க. அதுக்குத்தான அதைச் சும்மா விட்டது. அது நல்லாருந்தா நம்ம அட்டையால ஒண்ணும் ஆகலைன்னுதானுங்க அர்த்தம்."

நாச்சியம்மாள் கையிலிருந்த குழாய் நழுவி, நாலு அந்துப்பூச்சி விடுதலையாகிப் பறந்தது. துண்டு மூடியிருந்ததால் அவள் முகம் போன போக்கை யாரும் பார்க்கவில்லை.

இரண்டு நாள் அவள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். சொன்னால் வேலை போகும். தினக்கூலி ஆளை நிறுத்த ஒரு காகிதம்கூட வேண்டாம். சொல்லாவிட்டால் ரூமே போகும், இருநூறு பேசினும் போகும், ஆறுச்சாமி திரும்பவும் மருந்து டப்பாவை முதுகில் மாட்டுவார். பேசின்களிடம் கேட்டுப் பார்த்தாள். அதுகள் கம்பைத் தின்றுகொண்டே இருந்தன.

வியாழக்கிழமை கமிட்டி வந்தது. டெல்லியிலிருந்து இரண்டு பேர், கோயமுத்தூரிலிருந்து ஒருவர். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே குடை. கிழக்குக் காட்டு ஓரத்தில் நின்று, கேன்வாஸ் ஷூ போட்ட பெரியவர் தாளைப் பார்த்து இங்கிலீஷில் ஏதோ சொன்னார். ராமாமணி தலையைக் குனிந்துகொண்டார். 'சும்மா விடுவதே செலவு குறைவு' என்று பெரியவர் சொன்னாராம்.

"ஏனுங்க, ஒரு நிமிசமுங்க" என்றாள் நாச்சியம்மாள்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"இது சும்மா விட்ட காடு இல்லீங்க. நாந்தான் மிச்ச அட்டையைக் கட்டிப்போட்டேன். ஆறு தரமும்."

ராமாமணி அவளைப் பார்த்த பார்வையில் 'ங்க' இல்லை. நாச்சியம்மாள் கரும்புக்குள் கையை விட்டு, காய்ந்த தோகை ஒன்றை ஒடித்து நீட்டினாள். அதில் வாழை நார் முடிச்சும் உளுத்துப்போன அட்டைத் துண்டும் தொங்கின. மேற்குக் காட்டில் எல்லாம் ஸ்டேப்ளர் பின். இந்த மாதிரி முடிச்சு யாரும் போட்டதில்லை.

ராமாமணி மொழிபெயர்க்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார். "எது வரைக்கும் கட்டுனீங்க?"

"முன்னாடி ஒரு பத்து வரிசைங்க. அதுக்குமேல அட்டை இல்லீங்களே. இருந்தா விட்டிருப்பனா?"

"பாலுசாமி, நீங்க எங்க எண்ணுனீங்க?"

பாலுசாமி வாழைத் தோப்பைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "முன் வரிசைலதானுங்க மேடம். உள்ள தோகை அறுக்குமுங்க. பாம்பும் இருக்குமுங்க."

கேன்வாஸ் ஷூக்காரருக்கு விஷயம் புரிந்ததோ இல்லையோ, குடையைக் கீழே போட்டுவிட்டுக் கரும்புக்குள் நுழைந்தார். மற்றவர்களும் நுழைய வேண்டியதாயிற்று. முதல் பத்து வரிசை சுத்தமாக இருந்தது. பதினைந்தாவதில் துளை தொடங்கியது. இருபதைத் தாண்டினதும் ஒவ்வொரு கரும்பும் புல்லாங்குழல் மாதிரி நின்றது. அவர் ஒன்றை ஒடித்துப் பிளந்தார். உள்ளே செக்கச்செவேல் என்று அழுகல். அதற்கு நடுவில் கொழுத்த புழு ஒன்று, யார் வந்தது என்ற கவலை இல்லாமல் படுத்திருந்தது.

முகமெல்லாம் தோகை கீறின கோடுகளோடு வெளியே வந்தவர், ராமாமணியிடம் நீளமாகப் பேசினார். ராமாமணி அதை இப்படித் திருப்பிச் சொன்னார்: "இந்தக் கணக்கை ரிப்போர்ட்டுல எழுத முடியாதாம். சோதனை கெட்டுப்போச்சாம். ஆனா கண்ணால பாத்ததுக்கு அப்புறம் மூடுன்னு சொல்லவும் அவருக்கு மனசு வரலையாம். மூணு வருசம் தர மாட்டாங்க. ஒரு வருசம் தருவாங்க. ஒழுங்கா மறுபடி பண்ணணும்."

"என்னைய நிறுத்திப்போடுவீங்களா மேடம்?"

ராமாமணி அவளைத் தனியாக வாழை மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். முக்கால் மணி நேரம் திட்டினார், ஒவ்வொரு வரிக்கும் 'ங்க' போட்டு. கடைசியில் ஒரு மூச்சு விட்டு, "எதுக்குச் சும்மா விடறம்னு உங்களுக்கு யாருமே சொல்லலீங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க."

"அப்ப பாதித் தப்பு என்னோடதுங்க" என்றார். மீதிப் பாதிக்கு அவர் கொடுத்த தண்டனைதான் பெரிது. அடுத்த பருவம் முழுக்க கிழக்குக் காட்டுக்கு நாச்சியம்மாள் காவல். அங்கே யாரும் எதுவும் செய்யாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், முக்கியமாக நாச்சியம்மாள்.

மிஞ்சின அட்டைக்கும் ஒரு வழி பிறந்தது. குழியில் போடுவது நின்றது. இனி சோதனைக் காட்டிலிருந்து தள்ளிக் காடு வைத்திருக்கும் ஊர்க்காரர் யார் கேட்டாலும் கொடுக்கலாம் என்று ராமாமணி எழுதி அனுப்பினார், ஏழு மேசை தாண்டி அதுவும் ஒப்புதலாகி வந்தது. சனிக்கிழமை ஆனால் பண்ணை கேட்டில் டிவிஎஸ் ஐம்பதுகள் வரிசையாக நிற்கும். கொடுக்கிற வேலை நாச்சியம்மாளுக்கு. "வெயில்ல வெக்காதீங்க. சாயங்காலமே மாட்டிப்போடுங்க. பின்னடிச்சா கெட்டியா அடிங்க" என்று பொண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிறவள் மாதிரி ஒவ்வொருவரிடமும் சொல்லுவாள். கண்டக்டரின் அண்ணனும் ஒரு நாள் வரிசையில் நின்றான். அவனிடம் மட்டும், "டிக்கெட் எடுத்தாச்சுங்களா?" என்று கேட்டுவிட்டுக் கொடுத்தாள்.

கிழக்குக் காட்டுக் காவல்தான் கஷ்டம். அட்டை மாட்டப் போகிற நாளெல்லாம் ராமாமணி அவள் மடியை உதறச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் ஜீப்பில் ஏற்றுவார். ஏழாம் மாதம் கரும்பில் துளை விழ ஆரம்பித்தது. நாச்சியம்மாள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வரப்பில் நின்றாள். ஆறுச்சாமி காப்பிச் சொம்போடு வந்தார்.

"பாவம் பாக்காதீங்க அம்மணி. காட்டுக்காரன் நானே பாக்கலை."

"நான் எங்கீங்க பாக்கறேன்? இது கெட்டாத்தான் ஊர்க்கரும்பு பொழைக்கும்னு மேடம் சொல்லிப்போட்டாங்களே."

அவர் போகும்வரை இருந்துவிட்டு, ஒரு துளைக்குப் பக்கத்தில் குனிந்தாள். உள்ளே புழு நறநறவென்று தின்கிற சத்தம் கேட்கிற மாதிரி இருந்தது.

"தின்னு கண்ணு, நல்லாத் தின்னு" என்றாள். "நல்லா எண்ணற மாதிரித் தின்னு. அடுத்த வருசம் இங்கயும் அட்டை வந்துருமுல்ல."

சொல்லிவிட்டு, கையை மறுபடி முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனாள்.