பதினாலாம் நம்பர் ஸ்டிக்கர்

2006 வாக்கில் நடந்தது. அப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மேனேஜராக இருந்தேன். வயது நாற்பத்தைந்து. புத்தகம் படிக்கிற வியாதி உண்டு. படித்ததைச் சொல்ல ஆரம்பித்தால் வீட்டில் டிவி சத்தம் கூடும். அந்தச் சமயத்தில்தான் சொற்பித்தர்களின் இணையக் குழு ஒன்று எனக்கு அகப்பட்டது. அகராதியில் ஏறாத வட்டாரச் சொற்களை ஆளுக்கொன்றாக மெயிலில் அனுப்ப வேண்டும், மற்றவர்கள் மெச்ச வேண்டும். மெச்சுவதில் கஞ்சத்தனமே இல்லாத கூட்டம். துபாயிலிருந்து ஒருவர் 'அருமை ஐயா' என்று எழுதினால், அன்று முழுக்கக் கம்பெனியில் யாரையும் திட்ட மாட்டேன்.

என் சொற்கள் வந்த வழியைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் செக்கிங் பிரிவில் தூத்துக்குடிப் பக்கத்து அம்மா ஒருவர் இருந்தார். லுங்கியைச் சாரம் என்பார், கூச்சலை அவயம் என்பார், சோற்றுக்குத் தொட்டுக்கொள்வதைத் தொடுகறி என்பார். டீ நேரத்தில் வடையும் கையுமாக அவர் மேசைக்குப் போய் நிற்பேன். சலிக்காமல் சொல்வார். சந்தேகம் இருந்தால் ஊருக்குப் போன் போட்டு அவர் அம்மாவிடம் கேட்டு, துண்டுச் சீட்டில் எழுதி வந்து கொடுப்பார். நான் அதைத் தட்டச்சு செய்து 'களப்பணியில் சேகரித்தது' என்று கீழே போடுவேன். களப்பணியில் என் பங்கு வடை மட்டும்தான்.

இரண்டு வருடம் இப்படிப் போனது. ஒருநாள் காலை குழுவின் தலைவர், ஓய்வுபெற்ற அதிகாரி, ஒரு மெயில் அனுப்பினார். சொற்களையெல்லாம் திரட்டிப் புத்தகம் போட்டுவிட்டாராம், எல்லோரும் வாங்கி ஆதரிக்க வேண்டுமாம். மாதிரிக்கு நாலு பக்கம் இணைத்திருந்தார். நாலு பக்கமும் நான் அனுப்பியவை. அட்டையில் அவர் பெயர் மட்டும். முன்னுரையில், ஊர் ஊராக அலைந்து சேகரித்ததாக எழுதியிருந்தார்.

எனக்குக் காது சுட்டது. அவருக்கு ஒரு பதில் எழுத ஆரம்பித்தேன். திருட்டு, கொள்ளை, மானம் என்று மூன்றாவது பத்தி போய்க்கொண்டிருந்தபோது, லீவு லெட்டரில் கையெழுத்து வாங்க அந்த அம்மா உள்ளே வந்தார். மனிதனுக்கு அந்த நேரத்தில் ஒரு காது வேண்டும்.

"பாருங்கம்மா, இந்த அநியாயத்தை. பூரா நாம சேர்த்துன வார்த்தைங்க. பேரு போடாம அமுக்கிட்டானுங்க."

அவர் குனிந்து திரையைப் படித்தார். நிதானமாக.

"இது அவரு போட்டது. நீங்க முதல்ல போட்டதக் காட்டுங்க சார்."

காட்டினேன். பெருமையோடு காட்டினேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், "இதுல எம்பேரு எங்க சார் இருக்கு?" என்றார்.

"அது வந்துங்கம்மா... களப்பணின்னு போட்டிருக்கனுங்க."

"அது யாரு சார்?"

எங்கள் கம்பெனியில் ஒரு முறை உண்டு. சரிபார்த்து முடித்த ஒவ்வொரு பனியனிலும் செக்கிங் ஆள் தன் நம்பர் போட்ட சின்ன ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். பின்னால் ஓட்டையோ கறையோ தெரிந்தால் யார் கை பட்டது என்று தெரிய வேண்டுமே. ஒட்டாதவர்களை எல்லார் முன்னாலும் நிற்கவைத்துத் திட்டுவது என் வேலை. அந்த அம்மாவையும் திட்டியிருக்கிறேன்.

"பதினாலாம் நம்பர ஒருநா ஒட்டாம விட்டதுக்கு என்ன அவயம் போட்டீங்க," என்றார். "தப்புக்கு மட்டுந்தான் எங்க நம்பரு வேணும், என்ன சார்?"

லீவு லெட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் கையெழுத்துப் போடவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. மறுநாள் அவர் லீவு எடுத்தார். கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

மூன்று பத்தியையும் அழித்தேன். என் சொற்கள் எல்லாம் இன்னாருடையவை, நான் வெறும் தட்டச்சு செய்தவன் என்று அந்த அம்மாவின் பெயர், ஊரோடு குழுவுக்கு எழுதினேன். புத்தகத்திலும் அந்தப் பெயர் வர வேண்டும் என்று கேட்டேன். பதில்கள் வந்தன. 'என்ன பெருந்தன்மை ஐயா', 'உங்களைப் போல் யார் உண்டு' என்று ஆளாளுக்கு என்னைத்தான் பாராட்டினார்கள். அந்தப் பெண்ணைப் பற்றி ஒருவர்கூட ஒரு வரி கேட்கவில்லை. தலைவர் மட்டும், அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்றார். அடுத்த பதிப்பு வரவே இல்லை. லீவு முடிந்து வந்த அந்த அம்மாவிடம் பதில்களைக் காட்டினேன். "இப்பவும் நீங்கதான் சார் பெரியாளு," என்றார். அன்றே குழுவிலிருந்து விலகினேன்.

இதை எழுதுவதற்கு முன் அவருக்குப் போன் செய்து, பெயர் போடட்டுமா என்று கேட்டேன். "இதுல உள்ளது உங்க தப்புதானே சார். உங்க நம்பரயே ஒட்டுங்க," என்றார்.

அந்தத் தலைவர் மேல் எனக்கு இன்றுவரை கோபம் ஆறவில்லை. ஆனால் அந்தக் கோபத்தைக் கையில் எடுக்கும்போதெல்லாம் மூலையில் பதினாலாம் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதால், ஒருநாளும் நிம்மதியாகக் கோபப்பட முடிந்ததில்லை.